முதுகில் ஏறிய கதவு

கழற்றிய கதவு வெளிச்சுவரில் சாய்ந்து கிடந்தது. நிலை மட்டும் தனியாக நின்றது. சேவுனி அடுப்பை மூட்டினால் காற்று உள்ளே வந்து அணைத்தது. பார்லி மாவைத் தட்டில் கொட்டினால் வாரி இறைத்தது. அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கு வந்து வடக்கே ஆரெக் கணவாயைப் பார்ப்பாள். உள்ளே போவாள். எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய் மறுபடி வெளியே வருவாள்.

அவள் கவலை ஒன்றே ஒன்றுதான். உப்பு ஏரிக்குப் போன புருஷன் தோகுர் திரும்பி வரும்போது கணவாயில் நின்று கீழே பார்ப்பான். கதவு கழன்றிருப்பது தெரியும். அப்படியே திரும்பிப் போய்விடுவான்.

தெமுங்கர்களாகிய எங்களுக்குக் கதவுதான் புருஷன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடு பெண்ணுக்கு அவள் அம்மாவிடமிருந்து வருவது. ஆணுக்குச் சொத்து என்றால் தாய்மாமன் செய்து கொடுக்கும் கதவு ஒன்றுதான். அதை முதுகில் சுமந்து போய்ப் பெண்வீட்டு நிலையில் மாட்டி ஆப்பு அடித்தால் கல்யாணம் முடிந்தது. அது நிலையில் இருக்கும்வரை அவன் அந்த வீட்டு ஆள். மாதக்கணக்கில் உப்பு ஏரியில் கிடந்தாலும் ஆள்தான். அவன் வேண்டாம் என்றாகிவிட்டால் கூச்சலும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. ஆப்பை உடைத்துக் கதவை வெளிச்சுவரில் சாய்த்துவிடுவாள். அதனால்தான் உப்புக்காரர்கள் கணவாய் உச்சிக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவரவர் வீட்டைத் தேடுவார்கள். கதவு நிலையில் இருந்தால் இறங்குவார்கள். சாய்ந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கழுதைகளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடப்பார்கள். கூட வந்தவர்கள் அப்போது வேறு பக்கம் பார்ப்பதுதான் மரியாதை.

ஆள் அனுப்பி விஷயத்தைச் சொல்லலாமே என்றால், அதற்கும் வழியில்லை. ஒரு காலத்தில் மச்சானும் கொழுந்தனும் மாற்றி மாற்றிப் பொய்ச்சேதி சொல்லிக் கத்திக்குத்து வரை போனதால், கதவு விஷயத்தில் வாய்ப்பேச்சு செல்லாது என்று ஊரே சேர்ந்து முடிவுகட்டிவிட்டது. கண்ணால் பார்த்தால் சரி. யாரோ சொன்னதைக் கேட்டு இறங்கி வருகிறவனுக்குச் 'சொல்லுக்கு இறங்கினவன்' என்று பேர் வைப்பார்கள். அந்தப் பேர் அவன் பேரன் காலம்வரை போகாது.

தோகுர் அந்தப் பேரைச் சுமக்கிற ஆள் இல்லை. அவனுடைய அப்பாவே கணவாயிலிருந்து திரும்பிப் போனவர்தான். "எங்கப்பன் அங்கேருந்து போனப்ப ஒரு தடவகூடப் பின்னால பாக்கலையாம், தெரியுமா?" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவான். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று சேவுனிக்கு விளங்கியதே இல்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

கதவு கழன்றது அவள் தங்கை இமேரியால். அந்தப் பெண் நிறைமாசத்தில் அக்கா கையால் புளித்த மோர்க்கூழ் குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஓடையைத் தாண்டி வந்தாள். கூழ் பாதி இறங்குவதற்குள் வலி கண்டுவிட்டது. அதற்குள் ஓடையிலும் வெள்ளம். மருத்துவச்சியோ கால் முறிந்து கீழூரில் படுத்திருந்தாள். பிள்ளையின் கால் முதலில் தெரிந்தது. பாயில் படுத்துத் தூங்குகிற ஊரில் கட்டிலுக்கு எங்கே போவது? ஆளைக் கிடத்தித் தூக்கிப் போக நீளமான பலகை வேண்டும். சேவுனி தெருவில் இறங்கி ஓடினாள். பெண்கள் எல்லோரும் அவரவர் கதவில் முதுகை ஒட்டி நின்றார்கள். "எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்டி" என்றாள் ஒருத்தி. "எங்கது ரொம்பக் கனம், ஒங்களால தூக்க ஆகாது" என்றாள் இன்னொருத்தி. அவர்களைத் திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது. சேவுனி ஓடி வந்து அம்மிக் குழவியை எடுத்துத் தன் வீட்டு ஆப்புகளை அடித்து உடைத்தாள். அந்தக் கதவில் இமேரியைக் கிடத்திக் கீழூருக்குத் தூக்கிப் போனபோதும் அவள் தோகுரை நினைக்கவில்லை. இமேரி கீழூரில் பெண் குழந்தை பெற்று, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் நினைத்தாள். அப்புறம் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

இதற்கு மேல் வீட்டு விவகாரம் வேறு. அம்மா போன பனிக்காலத்தில் இறந்துவிட்டாள். வீட்டை ஒப்படைக்க வேண்டியது தாய்மாமன் பர்கல். ஒப்படைக்கிற நாளில் அவர் வந்து கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்ப்பார். மூத்தவள் வீட்டில் கதவு உறுதியாக நின்றால் வீடு மூத்தவளுக்கு. இல்லையென்றால் இளையவளுக்கு.

மாமா வந்து அடுப்போரம் உட்கார்ந்தார். காற்று சாம்பலைக் கிளப்பி அவர் தாடியில் போட்டது.

"ஆபத்துக்குத்தானே மாமா கழட்டினேன்? இல்லன்னா இமேரி செத்துருப்பா."

"தெரியும்டி. நான் என்ன குருடனா? ஆனா காரணம் கேக்க ஆரம்பிச்சா ஊருல ஒரு கதவு நிக்காது. ஒவ்வொருத்தியும் ஒரு காரணம் வச்சிருப்பா."

"நானே திரும்ப மாட்டிடறேன்."

"பொம்பள மாட்டினா அது பொய்க்கதவு. நான் தோளக் குடுத்தா விழுந்துரும். விழுந்தா ரெண்டு பேருக்குமே வீடில்ல."

"அவரு வந்து மாட்டட்டும் அப்ப."

"மாட்டட்டும். யாரு வேணாங்கறா? மொதல்ல எறங்கி வரட்டும். வருவானா?"

மாமா சாம்பலைத் தட்டிக்கொண்டார்.

"நெலா நெறையறதுக்குள்ள ஒப்படைக்கணும். அதுக்குள்ள இங்க ஒரு கதவு நின்னா வீடு ஒனக்கு. யாரு கதவுன்னு நான் கேக்க மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் எதிர்வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எதிர்வீட்டில் உலம் இருந்தான். அவன் பெண்டாட்டி இறந்து, வழக்கப்படி கதவைத் திருப்பி வாங்கிக்கொண்டு அண்ணி வீட்டு ஒட்டுக்கொட்டகையில் ஒண்டியிருக்கிறவன். மாமா தலை மறைந்ததும் வந்துவிட்டான்.

"என் கதவு சும்மாதான் கெடக்கு, சேவுனி. தேவதாரு மரம். பூச்சி அண்டாது."

"அதுல தெருநாயி காலத் தூக்கிட்டு நிக்குது. மொதல்ல போயி அத வெரட்டு."

"வெரட்டிட்டு வர்றேன். வந்தா என்ன சொல்லுவ?"

"போயிட்டு வான்னு சொல்லுவேன்."

உலம் கோபப்படுகிற ஆள் இல்லை. வாசல் நிலையைத் தடவிப் பார்த்து அளவெடுத்தபடியே சொன்னான்: "கேலி பண்ணு, பரவால்ல. ஆனா யோசி. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாதி வருஷம் வெறும் பலகையோட குடித்தனம் பண்ணிட்டிருக்க. நான் பலகையும் தர்றேன், ஆளாவும் இருப்பேன்."

பொய் சொல்லியிருந்தால் திட்டி அனுப்பியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டான். சேவுனியே எத்தனை சாயங்காலம் அந்தக் கதவைப் பார்த்து, "இன்னிக்கும் நான் மட்டுந்தான் கூழ் குடிக்கணுமா?" என்று கேட்டிருக்கிறாள். ஆனாலும் அது தோகுர் சுமந்து வந்த கதவு. அவன் வீட்டில் இருக்கிற பனிமாதங்களில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருந்ததில்லை. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதுகூட வேண்டும் போலத்தான் இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் இமேரி பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பில் பாய்ந்தாள்.

"கதவக் கழட்டுன்னு நான் கேட்டனாக்கா? ஊரெல்லாம் என்னையப் பாத்து, அக்கா வீட்ட அடிச்சுக்கத்தான் புள்ளையே பெத்தேன்னு பேசுது."

"நீ கேக்கல. கத்தின."

"கால் மொதல்ல வந்தா கத்தாம பாட்டா பாடுவாங்க?" இமேரி குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். "வீடு வேணாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நான் இருக்கற அந்த மேட்டு வீட்டுல மழ பெஞ்சா சட்டிய வைக்க எடமில்ல. வேணுந்தான். ஆனா இப்பிடி வேணாம். உலத்தோட கதவ மாட்டிக்கயேன்."

"மாட்டிக்கிட்டா?"

"வீடு நிக்கும்."

"தோகுர்?"

"அவரு அங்கேருந்தே போயிருவாரு. அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?"

சேவுனி எழுந்து வெளியே போய்க் கணவாயைப் பார்த்துவிட்டு வந்தாள். இமேரிக்கு எரிச்சல் வந்தது.

"செத்த உக்காரேன்க்கா! எனக்கே தல சுத்துது. சரி, ஒண்ணு பண்ணலாம். இத எடுத்து நிலைல சும்மா முட்டுக் குடுத்து வைப்போம். அவ்ளோ ஒசரத்துலேருந்து பாத்தா ஆப்பு இருக்கா இல்லையான்னா தெரியப் போவுது? அவரு எறங்கி வந்துட்டா அப்புறம் பேசிக்கலாம்."

அது கெட்ட யோசனை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் செய்தார்கள். சும்மா இருக்க முடியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கதவை நிலையில் நிறுத்தி, அடியில் இரண்டு கல்லைச் செருகினார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது நிஜக்கதவு மாதிரியே இருந்தது. சேவுனிக்கு ஒரு நிமிஷம் மூச்சு சீரானது. அடுத்த நிமிஷம் காற்று ஒரு மோது மோதியது. கதவு தடாலென்று குப்புற விழுந்து தெருவெல்லாம் புழுதியைக் கிளப்பியது. குழந்தை வீறிட்டது.

"இது அவரு தலைல விழுந்திருந்தா?" என்றாள் சேவுனி.

இமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேவுனியும் சிரித்தாள். உப்புக்காரர்கள் எல்லோரும் பார்க்க, தோகுர் பெரிய ஆளாகக் கதவைத் தள்ள, அது அவன் மேல் விழுகிற காட்சியை நினைத்து இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று இமேரிக்குத் தெரியவில்லை. தங்கை அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு மடியில் அக்கா தலையும் குழந்தையும் இடம் போதாமல் இடித்துக்கொண்டன.

அன்று சாயங்காலம் கணவாய்க்கு அப்பால் கழுதைமேட்டில் புகை தெரிந்தது. உப்புக்காரர்களின் கடைசித் தங்கல் அது. அங்கே புகை எழுந்தால் மறுநாள் உச்சிவேளைக்குக் கணவாய்க்கு வந்துவிடுவார்கள். புகையை மாமாவும் பார்த்தார். காலையிலேயே ஒப்படைத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதருக்கு அவள்மேல் இரக்கம்தான். தோகுர் திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு அவள் முடிவெடுக்கக் கூடாது என்று நினைத்தார்.

விடிந்ததும் ஊர் கூடிவிட்டது. இந்த மாதிரி நாளில் எங்கள் ஊரில் யாருக்கும் வேலை இருப்பதில்லை. மாமா கம்பளிக்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். உலம் தலையில் வெண்ணெய் தடவி வாரி, தேவதாருக் கதவை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலுக்கு நேரே நின்றான். கதவைக் கழுவியிருந்தான்.

"ஒரு வார்த்த சொல்லு சேவுனி, போதும்" என்றான்.

சேவுனி வீட்டுக்குள் பார்த்தாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. வருஷா வருஷம் மண் குழைத்து அவள் பூசிய சுவர். அம்மா கடைசியாகப் படுத்திருந்த மூலை. இந்த வீட்டுக்காரியாக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்டவள்தான். கணவாய் பக்கம் பார்த்தாள். இன்னும் ஒரு வாரம் இப்படி உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

விறுவிறுவென்று வெளிச்சுவரோரம் போனாள். தோகுரின் கதவுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, அதைச் சுமப்பதற்கென்று கட்டியிருந்த தோல்வாரை இரண்டு தோளிலும் மாட்டினாள்.

கூட்டத்தில் யாருக்கும் முதலில் புரியவில்லை. மாமாவுக்குத்தான் முதலில் புரிந்தது. கத்தினார்.

"ஏய், ஏய்! என்னடி பண்ற? கதவ முதுகுல ஏத்தினவங்களுக்கு வீடு கெடையாது!"

"ஆம்பளைங்களுக்குத்தான மாமா அது?"

"பொம்பள யாரும் இதுவரைக்கும் ஏத்தினதில்ல, அதனால யாரும் கேட்டதில்ல. இப்ப நான் சொல்றேன். வீடு ஒருத்தருக்கு, கதவு ஒருத்தருக்கு. ரெண்டும் ஒரே ஆளுக்கு எங்கயும் கெடையாது. நீ எந்திரிச்சா வீடு போச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"சரி மாமா" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. வீம்பாக மறுபடி முயன்றாள், கதவு அவளைப் பின்னால் இழுத்து உட்கார வைத்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இமேரி குழந்தையை மாமா கையில் திணித்துவிட்டு வந்து, பின்னாலிருந்து கதவை ஏந்தித் தூக்கிவிட்டாள். அவள் முகம் கன்றியிருந்தது. வீடு தன் கைக்கு வந்துவிட்ட நிமிஷம் அது; அவளுக்கும் அது தெரியும். "மொட்டப்பாற கிட்ட காத்து சுழட்டும். குனிஞ்சு போ" என்று மட்டும் சொன்னாள்.

"அந்தாளு கதவு கனம்" என்று உலம் வருத்தத்தோடு சொன்னான். "என்னது லேசு."

மலைப்பாதையில் காற்றுக்கு வேறு வேலை இல்லை. முதுகில் கதவோடு போகிறவளைப் பாய்மரம் போலப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது. ஒரு திருப்பத்தில் கதவோடு சேர்த்து அவளை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழூரைப் பார்க்க நிறுத்தியது. அவள் காற்றைத் திட்டினாள். பிறகு தோகுரின் அப்பாவைத் திட்டினாள். பின்னால் திரும்பிப் பார்க்காமல் போனாராம், பெரிய வீரர்! பார்த்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? அப்புறம் தோகுரையும் திட்டினாள். திட்டத் திட்டக் கால் வேகமாகப் போனது. திட்டுவதை நிறுத்தினால் பயம் வந்தது. இந்நேரம் வந்திருப்பானோ, பார்த்திருப்பானோ, போயே போயிருப்பானோ என்று. அதனால் திட்டிக்கொண்டே ஏறினாள்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். உப்புக்காரர்கள் எல்லோரும் தொப்பி இல்லாமல், கிழக்கே எதுவும் இல்லாத வானத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோகுர் தன் கழுதைகளை வடக்குப் பக்கம் திருப்பி நிறுத்தி மூட்டை வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். அந்த வாரை அவன் ரொம்ப நேரமாகவே இறுக்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. மூட்டை ஒரு பக்கம் பிதுங்கி நின்றது.

கதவு ஒன்று மலையேறி வருவதையும் அதற்குக் கீழே இரண்டு கால்கள் இருப்பதையும் பார்த்ததும் கழுதைகள் மிரண்டன. தோகுர் நிமிர்ந்தான். அவன் முகம் வெளுத்துப்போனது.

"கதவத் தூக்கிட்டு வந்து குடுக்கற வழக்கமெல்லாம் கெடையாது" என்றான். "வேணாம்னா வேணாம். அதுக்கு இவ்ளோ தூரம் சொமந்துட்டு வந்து அவமானப்படுத்தணுமா?"

சேவுனிக்கு மூச்சு வாங்கியது. பேச வாய் வரவில்லை. கதவைக் கீழேயும் வைக்கவில்லை. அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அப்படித்தான் நிற்பான். கதவை இறக்க மாட்டான், வாய் திறக்க மாட்டான். பெண் வந்து கதவின் அடிமுனையைப் பிடித்தால் உள்ளே போகலாம். பிடிக்கவில்லையென்றால் வந்தபடியே சுமந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான். அங்கிருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவை அப்படி நின்று தொடை நடுங்கியவர்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் வயதான ஒருவர் மரியாதையை மறந்து திரும்பினார்.

"டேய் தோகுர், அவ எறக்கி வைக்கலடா. நல்லாப் பாரு."

தோகுர் பார்த்தான். அவள் தோளில் தோல்வார் அறுத்து ரத்தம் கட்டியிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கதவை ஏற்றினவர்களுக்கு வீடு கிடையாது என்பது எங்கள் ஆண்பிள்ளை எவனுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வீடு?" என்றான்.

"போச்சு."

"யாருக்கு?"

"இமேரிக்கு. அவளுக்குப் புள்ள கால் மொதல்ல வந்துச்சு. தூக்கிட்டுப் போகப் பலக இல்ல."

அவன் கீழே தெரிகிற ஊரைப் பார்த்தான். கழுதைகளைப் பார்த்தான். தன் கூட்டாளிகளைப் பார்த்தான். இப்போது ஒருவர்கூட வானத்தைப் பார்க்கவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கு வெக்கம்டா" என்று எவனோ சொல்ல, இன்னொருவன் இருமுகிற மாதிரி சிரித்தான். தோகுரின் காது சிவந்தது. இந்தச் சிரிப்பு அவன் பேரன் காலம்வரை போகாது என்று அவனுக்குத் தெரியும்.

"வீடே இல்லாம கதவ வச்சு என்ன பண்றது?" என்று கேட்டான்.

"தெரியல. பிடி, தோளு போகுது."

தோகுர் இன்னும் கொஞ்சம் நின்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் சேவுனி செத்துப் பிழைத்தாள். பிறகு அவன் கழுதையின் வாரைக் கைவிட்டான். குனிந்தான். கதவின் அடிமுனையைப் பிடித்துத் தூக்கினான். அவள் தோளிலிருந்து பாதிக் கனம் இறங்கியது.

தெற்கே ஊர் இருந்தது. அதில் அவர்களுக்கு ஒரு சுவர்கூட இல்லை. வடக்கே உப்பு ஏரி இருந்தது. அங்கே வீடே கிடையாது. எந்தப் பக்கம் நடப்பது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காற்று கதவைப் பிடுங்கப் பார்த்தது. அவர்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கீழே வைக்கவில்லை.